ஒரு துளி போதும்

பழவேற்காடு
குரோதன வருஷம், கார்த்திகை 3

கொச்சி யூதத் தெருவில் இருக்கும் மல்கா அம்மாள் சமூகத்துக்கு, உங்கள் தம்பி எலியாசரின் மனைவி தமார் வணங்கி எழுதுவது.

நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பீர்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீங்களும் எங்களுக்கு எழுதியதில்லை. குறையாகச் சொல்லவில்லை, உங்களை விட்டால் கேட்க எனக்கு வேறு ஆளில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐப்பசி பிறந்ததும் எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. உங்கள் தம்பி ஊரில் இல்லை. காற்று திரும்புவதற்குள் வந்துவிடுவேன் என்று ஆவணியில் இலங்கைக் காலித் துறைமுகத்துக்குப் போனவர். இந்த வருஷம் வாடைக்காற்று அவசரப்பட்டு அடித்துவிட்டது. இனி மாசிக்கு முன்னால் எந்தக் கப்பலும் வராது என்று ஒல்லாந்தர் கோட்டையில் சொல்கிறார்கள். எட்டாம் நாள் பிள்ளைக்கு முன்தோல் எடுத்து மீலா செய்து, நம் முன்னோர் உடன்படிக்கையில் சேர்த்து, பெயர் வைக்கவேண்டும். இந்த ஊரில் நம் ஜனம் என்று இருப்பது நம் ஒரு வீடுதான். யார் செய்வது? அதோடு பிள்ளை மஞ்சள் பூத்துக் கிடந்தான். உடம்பு மஞ்சளாக இருந்தால் தள்ளிப்போடலாம் என்று இவர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. சரி, அப்பா வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மஞ்சள் இறங்கியது. வேறொன்று வந்தது. என் சின்னம்மா நாகம்மாள் குப்பத்திலிருந்து வந்து எனக்குத் துணையாக இருக்கிறாள். அவள்தான் கண்டுபிடித்தாள். "அடியே, காலைலேருந்து புள்ள ஒண்ணுக்கே போவல, பாத்தியா? அடிவயிறு கல்லாட்டம் கீது" என்றாள். பிள்ளை முக்கி முக்கி நீலமாகிப் போனான். மழை கொட்டுகிறது. கோட்டை வைத்தியர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். சின்னம்மா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய், மரைக்காயர் தெருவில் பிள்ளைகளுக்குச் சுன்னத்து செய்கிற ஒஸ்தா கௌஸ் மைதீனைக் கூட்டிவந்தாள். அவர் பார்த்துவிட்டு, "அம்மா, முன்தோலு ஒட்டிக்கினு வழிய அடைச்சிக்கிது. இப்பவே எடுத்துடணும். நாளைக்கின்னா நான் பொறுப்பில்ல" என்றார். நான் செய்யுங்கள் என்றேன். அவர் அவருடைய வழக்கப்படி ஆண்டவன் பெயரைச் சொல்லிக் கத்தியை வைத்தார். எனக்கு எந்த ஜெபமும் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்த நிமிஷம் பிள்ளை ஒஸ்தாவின் தாடி நனைய மூத்திரம் விட்டான். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். போன வாரம் சென்னப்பட்டணத்திலிருந்து ஒரு பவளக்காரர் கோட்டைக்கு வியாபாரமாக வந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த நம் ஜனம். ஆசையாக வீட்டுக்கு அழைத்துப் பிள்ளையைக் காட்டினேன். அவர் நடந்ததைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். இது வைத்தியம், மீலா அல்ல, செல்லாது என்றார். மறுபடி அறுக்கவேண்டுமாம். அதுவரை பெயர் வைக்கக் கூடாதாம். இப்படியே விட்டால் நாளைக்கு நம்மவர் கல்லறையில்கூட இடமில்லையாம். மாசியில் வரும் கப்பலில் அறுக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் வருகிறார், அவரை நேரே இங்கே கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா, ஆறிக்கொண்டிருக்கிற அந்தச் சின்ன இடத்தில் இனி அறுக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னதுமுதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுக்கவும் மனம் வரவில்லை. பிள்ளையை வெளியே நிறுத்தவும் மனம் வரவில்லை. ஜெபப் பள்ளியில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். எனக்காக வேண்டாம், உங்கள் தம்பி பிள்ளைக்காக.

தங்கள்
தமார்


கொச்சி
கார்த்திகை 27

எலியாசர் வீட்டாருக்கு மல்கா எழுதுவது.

கடிதம் வந்தது. பாதி மழையில் ஊறி வந்தது, மீதி உன் கண்ணீரில் ஊறியது போல. இனிமேல் 'சமூகத்துக்கு' என்றெல்லாம் எழுதாதே, நான் என்ன கோட்டைக் கவர்னரா?

என் தம்பிக்கு அறிவு இருக்கிறதா? பிள்ளைத்தாச்சியை விட்டுவிட்டுக் காற்றை நம்பிக் கடலுக்குப் போவானா ஒருத்தன்? வரட்டும், அவனுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அந்தப் பவளக்காரருக்குப் பவளம் தெரியும். அதிலேயும் எத்தனை தெரியுமோ. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ சோறு இறங்காமல் உட்கார்ந்தால் பால் வற்றிப்போகும். சாப்பிடு. பெரியவர்கள் பதில் சொல்லும்வரை ஒரு ஆள் பிள்ளைமேல் கத்தி வைக்கக் கூடாது. எவன் வந்து நின்றாலும் சரி, கதவைத் திறக்காதே. என் பெயரைச் சொல்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் எழுது. போய் நின்றால் பெரியவர்கள் இதையெல்லாம் என்னிடம் கேட்பார்கள். தோல் முழுவதும் போய்விட்டதா, இல்லை வழி விடுவதற்காக ஓரமாகக் கீறிவிட்டாரா? மொட்டு முழுக்க வெளியே தெரிகிறதா? சுற்றிலும் எங்காவது தோல் மூடிக்கொண்டிருக்கிறதா? ரத்தம் வந்ததா? பகலில் நடந்ததா? நம் ஜனத்தில் யாராவது பக்கத்தில் நின்றார்களா, உன்னைத் தவிர?

ஒரு விதவை பள்ளி முற்றத்தில் போய் நின்று ஆண்பிள்ளைகளிடம் இதைப் பேசவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. பேசுகிறேன். இந்தத் தெருவில் என் வாய்க்குப் பயப்படாதவர் குறைவு.

மருந்து ஏதாவது வைத்தார்களா? என்ன எண்ணெய் என்று எழுது. பிள்ளை யார் ஜாடை என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ?

மல்கா


பழவேற்காடு
மார்கழி 18

மல்கா அம்மாளுக்குத் தமார் எழுதுவது.

உங்கள் கடிதத்தை வாசற்படியிலேயே நின்று படித்தேன். நீங்கள் திட்டியிருந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு உடம்பில் தெம்பு வந்தது. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன், வெட்கத்தை விட்டுவிட்டு. பகல்தான், உச்சிக்கு முன்னால். ரத்தம் வந்தது, ஒஸ்தா சாம்பல் வைத்து நிறுத்தினார். பிறகு தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டோம். தோல் முழுவதும் எடுத்துவிட்டார். மொட்டு முழுக்கத் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் மூடியிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒஸ்தாவின் மனைவி கைருன் பீவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அது வீக்கம்மா, வத்திப்போச்சு பாரு இப்போ. எங்க வூட்டுக்காரர் கை வெச்சா அரையும் கொறையுமா வுடமாட்டாரு. இன்னாது, இது செல்லாதுன்னா சொன்னான் அந்த ஆளு? அவனை எங்க தெருவுக்கு வரச் சொல்லு" என்று கோபித்துக்கொண்டாள். இப்போது நன்றாக ஆறிவிட்டது. நம் ஜனத்தில் என்னைத் தவிர யாரும் பக்கத்தில் இல்லை.

அந்த 'என்னைத் தவிர' என்ற இடத்தில்தான் என் பயம் எல்லாம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பெரியவர்கள் தாய் யார் என்று கேட்பார்கள். என் அம்மா இந்தக் குப்பத்துப் பெண். பஞ்சத்தில் விற்கப்பட்டு, அடிமைக் கப்பலுக்குப் போகக் கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்தவள். உங்கள் அப்பா அவளை மீட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார், விடுதலை எழுதிக்கொடுத்தார், நம் ஜனத்தில் சேர்த்தார், பிறகு நம் ஜனத்தவரான என் அப்பாவுக்குக் கட்டிவைத்தார். அப்படித்தான் என் அம்மா சொல்லிவிட்டுச் செத்தாள். அப்போது கூட இருந்த பெரியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. எங்கள் கல்யாணத்தின்போது, அடிமை வயிற்றில் பிறந்தவளின் பிள்ளை நம் பிள்ளையாகாது என்று நீங்கள் பள்ளி முற்றத்தில் சொன்னது என் காதுக்கும் வந்தது. நீங்கள் சொன்னதற்காக இப்போது சண்டை பிடிக்க நான் எழுதவில்லை. என்னால் பிள்ளைக்குக் கேடு வரக்கூடாது. அவசியமென்றால் என்னைக் கணக்கில் எடுக்கவேண்டாம், பிள்ளையை மட்டும் எப்படியாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படி ஒரு வழி உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

சின்னம்மா என்னோடு தினமும் சண்டை. பால் ஊறுவதற்குப் பால்சுறாவைப் புட்டு செய்து தட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். செதில் இல்லாத மீனை நாங்கள் தொடமாட்டோம் என்றால் அவளுக்குப் புரியவில்லை. "பெத்தவளுக்கு பால்சுறா தராத சாமி இன்னா சாமிடி?" என்கிறாள். அவள் மகன் தேசப்பன் ஏரியில் வலை விட்டுச் செதிலுள்ள மடவை மீன் கொண்டுவருகிறான். அதைச் சாப்பிட்டே சமாளிக்கிறேன். கைருன் பீவி வெந்தயக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள்.

பிள்ளை யார் ஜாடை என்று கேட்டீர்கள். நெற்றி உங்கள் தம்பி. காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கிறது. இது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் அவனைக் 'குட்டி' என்று கூப்பிடுகிறார்கள். பெயர் இல்லாதவனை வேறெப்படிக் கூப்பிடுவது? மாசி நெருங்க நெருங்க, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

தமார்


கொச்சி
தை 9

தமாருக்கு,

எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைப் படி. மறுபடி அறுக்கவேண்டாம். வேண்டவே வேண்டாம். இரண்டு பெரியவர்களும் சேர்ந்து சொன்னது. போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

அந்தக் காது என் அப்பாவுடையது. வீட்டுக்குள் அவர் தொப்பியைக் கழற்றினால் நாங்கள் எல்லாரும் சிரிப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளி முற்றத்துக்குப் போனேன். மூத்த பெரியவரும், பாக்தாத்திலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உன் கடிதத்தில் இருந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மொட்டு என்று சொல்லும்போது மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டேன்.

மூத்தவர் உடனே, "வேறு ஜனத்தான் செய்தாலும் செய்தது செய்ததுதான். தோல் போய்விட்டது, மொட்டு தெரிகிறது. இல்லாத தோலை யார் மறுபடி அறுப்பது? ஒன்றும் செய்யவேண்டாம்" என்றார். பாக்தாத்துக்காரர் விடவில்லை. "அந்த ஒஸ்தா வைத்தியத்துக்காகச் செய்தார். உடன்படிக்கை என்ற நினைப்பு அங்கே யாருக்கும் இல்லை. அறுக்கவேண்டியதில்லை, அது சரி. ஆனால் உடன்படிக்கைக்கு என்று ஒரு துளி ரத்தம் அந்த இடத்தில் எடுக்கவேண்டும்" என்றார். இவர் வேண்டாம் என்கிறார், அவர் வேண்டும் என்கிறார். இருவருக்கும் குரல் ஏறிவிட்டது. ஒருவர் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார், மற்றவர் அதைவிடப் பெரிய புத்தகத்தை எடுத்துவந்தார். நான் நின்று நின்று கால் கடுத்துப்போய், "ஐயா, அங்கே ஒரு பிள்ளை பெயரில்லாமல் கிடக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடம் எது, அதைச் சொல்லுங்கள்" என்றேன். கடைசியில் மூத்தவர் இறங்கிவந்தார். "அவசியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் நாளைக்கு ஒருத்தர் வாயில் விழாமல் இருக்க, ஒரு துளி எடுத்துவிடுவது நல்லது" என்றார். சந்தேகம் தீர்க்கச் செய்வதால் அதற்கென்ற ஆசீர்வாத ஜெபம் வேண்டாம். ஊசியால் தொட்டு ஒரு துளி, அவ்வளவுதான். ஒரு துளி போதுமாம்.

ஒஸ்தாவைப் பற்றியும் கேட்டார்கள். கூப்பிட்டது தப்பா என்று நான்தான் கேட்டேன். பாக்தாத்துக்காரர் என்னைப் பார்த்து, "பிள்ளை செத்த பிறகு மீலா யாருக்குச் செய்வது? உயிர் முதலில். அந்த மனிதருக்கு என் வந்தனத்தைச் சொல்லச் சொல்" என்றார். கைருன் பீவியிடம் இதை மறக்காமல் சொல்லிவிடு, அவள் மனம் குளிரட்டும்.

பிறகு யார் துளி எடுப்பது என்ற பேச்சு வந்தது. நம் ஜனமாக இருக்கவேண்டும். தகப்பன் கடலுக்கு அப்பால். பவளக்காரர் கையில் இந்தப் பிள்ளையைக் கொடுத்தால் அவர் கத்தியோடுதான் நிற்பார் என்று நான் சொல்லிவிட்டேன். தகப்பன் வரும்வரை தள்ளிப்போடுவதையும் அவர்கள் ஒப்பவில்லை. பிள்ளை தேறிவிட்டால் ஒரு நாளும் வீணாகக் கடத்தக் கூடாதாம். "தாய் செய்யட்டும்" என்றார் பாக்தாத்துக்காரர். வழக்கத்தில் ஆண்கள்தான் செய்வது. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் பெண் செய்தாலும் செல்லும், முற்காலத்தில் வழிப்பயணத்தில் ஒரு தாய் கூரான கல்லை எடுத்துத் தன் பிள்ளைக்குத் தானே செய்யவில்லையா என்று கேட்டார்.

அப்போது மூத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எண்பது வயதாகிறது, ஞாபகம் மட்டும் இருபது. "பெண் செய்யலாம், நம் ஜனத்துப் பெண் செய்யலாம். அந்தப் பெண் நம்மவள்தானா மல்கா? நாலு வருஷத்துக்கு முன்னால் இதே முற்றத்தில் நீ வேறு மாதிரிச் சொன்னாயே" என்றார். தெருப் பெண்கள் நாலைந்து பேர் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னேன்: "நம்மவள்தான். பெற்ற உடம்போடு, பால் வற்றும் நேரத்தில், ஊரே பால்சுறாவைத் தட்டில் வைத்து நீட்ட, செதில் இல்லாத மீன் என்று தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் பார்க்காத ஊரில். இந்தத் தெருவில் இருக்கிற நாம் அதைச் செய்வோமா என்று எனக்குத் தெரியாது." மூத்தவர் சிரித்துவிட்டார். ஆனாலும், "அவள் தாயைச் சேர்த்ததற்குச் சாட்சி யார்?" என்று கேட்டார்.

தமார், உன் அம்மாவைச் சேர்த்த நாளில் எனக்குப் பன்னிரண்டு வயது, அப்போது நானும் பழவேற்காட்டில்தான் இருந்தேன். அப்பாவும், மச்சிலிப்பட்டணத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேரும் ஏரிக்கரையில் முதுகைக் காட்டி நின்றார்கள். முகத்துவாரத்துப் பக்கம், இடுப்பளவு தண்ணீர். உன் அம்மா மூன்று முறை முழுகினாள். மூன்றாம் முறை கொஞ்சம் நேரம் உள்ளேயே இருந்துவிட்டாள், நான் பயந்துபோய்க் கத்தினேன். குப்பத்துப் பெண் தண்ணீருக்குப் பயப்படுவாளா? சிரித்துக்கொண்டே எழுந்தாள். அவளுக்கு உலர்ந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றவள் நான். பச்சைப் புடவை, என் அம்மாவுடையது. நான்தான் சுற்றிவிட்டேன். இதை அப்படியே பெரியவர்களிடம் சொன்னேன். "நான் சாட்சி" என்றேன். கிணற்றடியில் ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். அவளையும் ஒரு பார்வை பார்த்துவைத்தேன்.

மூத்தவர், "அப்படியானால் அவளே எடுக்கட்டும்" என்றார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், பவளக்காரர் மூக்குக்கு முன்னால் பிடி.

இனி செய்யவேண்டியது. ஓய்வு நாளாக இருக்கக் கூடாது. பகலில் செய். பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடு. இந்தக் கடிதத்தின் மடிப்பில் ஒரு புது ஊசி குத்தியிருக்கிறேன், விரலில் ஏற்றிக்கொள்ளாதே. தீயில் காட்டி ஆறவிடு. மொட்டுக்குக் கீழே, தோல் இருந்த தழும்பில் லேசாகத் தொடு. உடன்படிக்கைக்காக என்று வாய்விட்டுச் சொல். துளி வந்ததும் வெள்ளைத் துணியில் ஒற்றி எடு. பிறகு பெயரைச் சொல்.

பெயர் உன் இஷ்டம். அப்பா பெயரை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நீ ஒதுங்கிக்கொள்கிறேன் என்று எழுதினாயே, அந்த மாதிரிப் பேச்சு இனி எனக்கு எழுதாதே. தாய் ஒதுங்கினால் பிள்ளை எந்தப் பக்கத்தில் சேர்வான்? அசடு.

மல்கா


பழவேற்காடு
மாசி 2

அன்புள்ள அண்ணிக்கு,

இப்படி எழுதலாமா என்று கேட்காமலே எழுதிவிட்டேன். பிடிக்காவிட்டால் திட்டி எழுதுங்கள்.

செய்துவிட்டேன் அண்ணி. நேற்றுக் காலையில். தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி என்று எழுதியிருந்தீர்கள், நான் தண்ணீருக்கு எங்கே போனேன்? அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு சத்தமாக அழுதுவிட்டேன். சின்னம்மா பயந்து ஓடிவந்து, "இன்னாடி ஆச்சு? யாரு செத்தா?" என்று கேட்டாள். யாரும் சாகவில்லை, அறுக்கவேண்டாமாம் என்றேன். அவளும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

ஊசியைத் தீயில் காட்டி ஆறவிட்டேன். கைருன் பீவி நான் எடுக்கட்டுமா என்றாள். இல்லை, இது நான்தான் செய்யவேண்டும், பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அதைச் சொன்னதும் எனக்குள்ளே என்னவோ நிமிர்ந்தது, ஊசியைக் கையில் எடுத்தேன். சின்னம்மா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். தொட்டேன். ஒன்றும் வரவில்லை. ஐயோ என்று ஆகிவிட்டது. மறுபடி தொட்டேன். கடுகளவு ஒரு துளி எழுந்து நின்றது. உடன்படிக்கைக்காக என்று சொன்னேன், குரல் உடைந்துபோய்ப் பாதிதான் வந்தது. அதனால் இன்னொரு முறை தெளிவாகச் சொன்னேன். பசிக்கு அழும் அழுகையில் பாதிகூட அவன் அழவில்லை. உங்கள் ஊசி நல்ல ஊசி.

துணியில் ஒற்றிக்கொண்டு பெயரைச் சொன்னேன். எஸ்ரா, எலியாசரின் மகன். நீங்கள் கேட்கவில்லை, தெரியும். அந்தக் காதோடு வேறு எந்தப் பெயரை வைப்பது? சின்னம்மாவுக்கு நாக்கு வரவில்லை, 'எசுரா' என்கிறாள். ஒஸ்தா கௌஸ் மைதீனுக்குப் பெரியவரின் வந்தனத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "பாக்தாத்துலேருந்தா?" என்று இரண்டு முறை கேட்டார். கைருன் பீவி இதற்குள் தெரு முழுவதும் சொல்லி முடித்திருப்பாள்.

பவளக்காரர் இன்று காலை வந்தார், கூடவே அந்த நண்பரும் ஒரு தோல்பையும். இந்த முறை நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடவில்லை. கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். சீட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்து நண்பரிடம் கொடுத்தார். நண்பர்தான் உண்மையில் தெரிந்தவர் போலிருக்கிறது. பிள்ளையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், "இது முழுமையாக இருக்கிறது, இதற்குமேல் நான் எதைச் செய்வது?" என்று பவளக்காரரிடமே கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க நீங்கள் இருந்திருக்கவேண்டும். பிறகு இரண்டு பேரும் மடவைக் குழம்பு சாப்பிட்டார்கள். அந்த நண்பர் எஸ்ராவுக்காக ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி, அந்தப் பச்சைப் புடவை இன்னும் இருக்கிறது. அம்மா அதைக் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தாள், யாருடையது என்று சொன்னதில்லை. எஸ்ராவைச் சுற்றித் தூங்கவைப்பது அதில்தான். உங்கள் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது.

உங்கள் தம்பியின் கப்பல் இன்னும் கண்ணில் படவில்லை. காற்று மாறிவிட்டது, இனி என்றைக்கும் வரலாம். அவர் வந்தால் நீங்கள் தனியாகத் திட்டப்போகும் திட்டை இப்போதே எழுதி அனுப்பிவையுங்கள், வாசலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

ரத்தம் ஒற்றிய துணியை அனுப்பவில்லை. வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தமார்


கொச்சி
மாசி 25

என் தம்பி மனைவி தமாருக்கு,

உன் கடிதத்தைப் பள்ளி முற்றத்தில் நின்று உரக்கப் படித்தேன். மூத்தவர் 'எஸ்ரா' என்ற இடம் வந்ததும் இன்னொரு முறை படி என்றார். நான் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பாக்தாத்துக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்தார். தமிழ் எழுத்துத் தெரியாமல் அவர் எதைப் படித்தாரோ, எல்லாரும் தலையாட்டினார்கள். கிணற்றடிக்காரிகளுக்கு நான் வெல்ல அவல் செய்து கொடுத்தேன். தின்றுவிட்டார்கள்.

திட்டை எழுதி அனுப்பமாட்டேன், நேரில் வைத்துத் திட்டினால்தான் எனக்குத் திருப்தி. பங்குனியில் இங்கிருந்து நாகப்பட்டணம்வரை ஒரு கூட்டம் போகிறது, அங்கிருந்து கரையோரத் தோணி. இந்த வயதில் உனக்கென்ன தோணி என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் மருமகன் பழவேற்காட்டில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

உன் சின்னம்மாவிடம் சொல், பால்சுறாவைத் தட்டில் வைத்துக்கொண்டு என் முன்னால் வரவேண்டாம், மடவை போதும்.

அந்த ஊர்த் துறை எனக்கு மறக்கவில்லை. தோணி கரையைத் தொடாது, முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். வருகிற அலையைப் பார்த்தால் இடுப்புவரை நனைவேன். எஸ்ராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, உலர்ந்த புடவையோடு நீ கரையில் நில்.

உன் அண்ணி
மல்கா